பந்தாட்டக்காரர், பேங்க் முதலாளி, ஊழியக்காரர்: கின்னெயர்ட் பிரபு



நான் இரட்சிக்கப்பட்ட வருஷம் என் ஃபுட்பால் பூட்ஸைப் பரணிலே தூக்கிப் போட்டேன். ஒருவரும் போடச் சொல்லவில்லை. விளையாட்டு உலகத்துக்கு அடுத்தது, விசுவாசிக்கு ஆகாது என்று நானே தீர்மானம் பண்ணிக்கொண்டேன். போன வருஷம் என் மகன் பள்ளிக்கூட டீமில் சேர்வதற்குக் கையெழுத்து கேட்டு ஒரு தாளை நீட்டினான். எனக்குக் கை வரவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி மேஜையிலே வைத்துவிட்டேன். அந்த நாட்களில்தான் ஆர்தர் கின்னெயர்ட் என்கிற மனுஷருடைய ஜீவியத்தை வாசித்தேன்.

இவர் 1847-ம் வருஷம் லண்டனில் பிறந்தார். ஸ்காட்லாந்து பிரபு குடும்பம். தகப்பனார் பேங்க் நடத்துகிறவர், பக்தியுள்ளவர். தாயார் மேரி ஜேன் அம்மையார், வேலை தேடி லண்டனுக்கு வந்த இளம் பெண்களுக்கு விடுதி ஏற்படுத்தி, ஒய்.டபிள்யூ.சி.ஏ. என்கிற ஸ்தாபனம் உண்டாகக் காரணமானவர்களில் ஒருவர். லாகூரில் 1913 முதல் நடக்கிற கின்னெயர்ட் காலேஜ் இந்த அம்மாவின் பேரைத்தான் தாங்கி நிற்கிறது. இவருடைய சகோதரி எமிலி நம்முடைய இந்தியாவுக்கே வந்து அந்தச் சங்கத்துக்காகப் பல வருஷம் பிரயாசப்பட்டார். ஜெபிக்கிற தாயார் இருக்கிற வீட்டிலிருந்து என்ன புறப்படும் என்று பாருங்கள்!

ஆனால் அந்த வீட்டிலிருந்து புறப்பட்ட மகன் சாது அல்ல. ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்தவர், ஓயாத ஆட்டக்காரர். சிவந்த தாடி, வெள்ளை நிற நீளக் கால்சட்டை, தலையில் தொப்பி. இந்தக் கோலத்தில் அவர் மைதானத்தில் இறங்கினால் எதிரணிக்குக் கிலி. அந்தக் காலத்தில் கணுக்காலை உதைப்பது ஆட்டத்தில் சகஜம், அதில் இவர் யாருக்கும் சளைத்தவர் அல்ல. இப்படி விளையாடினால் ஒரு நாள் கால் ஒடிந்துதான் வீட்டுக்கு வருவார் என்று வீட்டார் கவலைப்பட்டபோது, ஒடிவது இவர் காலாக இருக்காது என்று நண்பர் ஒருவர் தைரியம் சொன்னாராம்! எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் மட்டும் ஒன்பது தடவை ஆடி, ஐந்து தடவை ஜெயித்தார். 1873-ல் ஸ்காட்லாந்துக்காகவும் விளையாடினார். 1882-ல் ஓவல் மைதானத்தில் ஐந்தாவது கோப்பையை ஜெயித்தவுடன், வயது 35 ஆகியும், பார்வையாளர் முன்னால் தலைகீழாகக் கையில் நின்றார்.

ஒரு குறையையும் மறைக்காமல் எழுத வேண்டும். 1877 இறுதி ஆட்டத்தில் இவர் கோல்கீப்பராக நின்று, பந்தைப் பிடித்துக்கொண்டே கோட்டுக்குப் பின்னால் கால் வைத்துவிட்டார். எதிரணிக்கு கோல். பிற்பாடு அந்த கோல் கணக்கிலிருந்து எடுக்கப்பட்டு, ஏறக்குறைய நூறு வருஷம் 2-1 என்பது 2-0 என்றே அச்சிடப்பட்டு வந்தது. இவர் கேட்டுக்கொண்டதால்தான் அப்படி நடந்தது என்றும் சொல்லுகிறார்கள். உண்மையானால் வருத்தந்தான். தேவனுடைய மனுஷருக்கும் தன் தப்பு ஏட்டில் இருப்பது பிடிப்பதில்லை போலும்.

இப்போது என்னைத் தொட்ட இடத்துக்கு வருகிறேன். இவரோடு ஈட்டனில் படித்து, இவரோடு பந்து ஆடினவர் குவின்டின் ஹாக். சர்க்கரை வியாபாரத்தில் இருந்தவர். ஒரு ராத்திரி லண்டன் தெருவில் ரோடு பெருக்குகிற இரண்டு பையன்களைக் கூப்பிட்டு, பாட்டில் வாயில் மெழுகுவர்த்தியைச் சொருகி, வேதாகமத்தை வைத்தே எழுத்துக்கூட்டச் சொல்லிக்கொடுத்தார். அந்த வேலை வளர்ந்து சேரிங் கிராஸ் பக்கத்துச் சந்தில் ஏழைப் பள்ளிக்கூடம் ஆனது. அந்தப் பள்ளிக்கூடத்திலே கைகொடுத்தவர்தான் நம்முடைய கின்னெயர்ட். அங்கே வந்த பிள்ளைகள் யார்? செருப்பில்லாதவர்கள், பேன் பிடித்தவர்கள், போலீஸுக்குப் பயந்து ஓடுகிறவர்கள். பேங்க் வீட்டுப் பிள்ளை அவர்கள் நடுவே போய் நின்றார். பிற்காலத்தில் ஹாக் ரீஜென்ட் தெருவில் நடத்தின பாலிடெக்னிக், தொழில் செய்து பிழைக்கிற வாலிபருக்குப் படிப்பும் கொடுத்தது, விளையாட்டும் கொடுத்தது, வேதபாடமும் கொடுத்தது. மூன்றும் ஒரே கூரையின் கீழ்! நான் இருபது வருஷமாக இரண்டாகப் பிரித்து வைத்திருந்ததை இவர்கள் பிரிக்கவே இல்லை. அன்றைக்கு ராத்திரியே மேஜையிலிருந்த தாளில் கையெழுத்துப் போட்டேன். மகன் தூங்கிவிட்டான், எழுப்பவில்லை.

பேங்க் விஷயம் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குடும்பத்து ரான்சம் பூவரி பேங்க் 1888-ல் பார்க்ளே பேங்கோடு இணைந்தது. 1896-ல் இருபது பேங்குகள் ஒன்றாகி பெரிய பார்க்ளேஸ் உருவானபோது இவர் அதன் இயக்குநர்களில் ஒருவர். 1887-ல் தகப்பனார் மரித்தபின் பதினோராவது கின்னெயர்ட் பிரபு ஆனார். ஸ்காட்லாந்து சபையின் பொதுச்சங்கத்துக்கு 1907 முதல் 1909 வரை ராஜாவின் பிரதிநிதியாகப் போனார். ஒய்.எம்.சி.ஏ.வுக்கும் தலைவராக இருந்தார்.

ஃபுட்பாலை மட்டும் விடவே இல்லை. 21 வயதில் எஃப்.ஏ. கமிட்டியில் சேர்ந்தவர், 1877-ல் பொருளாளர், 1890 முதல் சாகும்வரை 33 வருஷம் தலைவர். 1872-ல் முதல் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வந்தது சுமார் 2,000 பேர். 1901-ல் வந்தது 1,10,820 பேர். 1911-ல் புதுக் கோப்பை செய்தபோது, பழைய கோப்பையை இவருக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்கள்.

அதன்பின் யுத்தம் வந்தது. 1914-ல் மூத்த மகன் டக்ளஸ் போர்முனையில் மாண்டார். 1917-ல் இன்னொரு மகன் ஆர்தரும் போனார். இரண்டு பிள்ளைகளைக் கொடுத்த தகப்பன் எழுபது வயதிலும் பொறுப்புகளை விட்டுவிடவில்லை. அந்த மனுஷர் ஜெபத்தில் என்ன சொல்லி அழுதிருப்பார் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறதுண்டு.

1923 ஜனவரி 30-ம் தேதி அவர் இளைப்பாறுதலுக்குள் போனார். மூன்று மாதம் கழித்து, ஏப்ரல் 28-ல், புதிதாகக் கட்டின வெம்பிளி மைதானத்தில் முதல் கோப்பை ஆட்டம் நடந்தது. ஜனங்கள் மதில் ஏறிக் குதித்து, விளையாடுகிற இடம் வரைக்கும் நிரம்பிவிட்டார்கள்.