அந்நியக் கொடியின் கீழ் ஓர் இளவரசர்

நோர்வேயின் தலைநகர் ஒஸ்லோவை ஜேர்மனியப் படைகள் 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி கைப்பற்றின. மன்னர் ஏழாம் ஹாகோன் தமது அரசாங்கத்துடன் நகரை விட்டு வெளியேறி வடக்கு நோக்கிச் சென்றார். வடக்கிலுள்ள நார்விக் துறைமுக நகரை மே 28ஆம் திகதி மீட்டெடுத்த நேச நாட்டுப் படைகளுள் பிரான்சின் வெளிநாட்டவர் படையணியும் ஒன்று.

அப்படையணியில் சுமார் 17 ஆண்டுகள் பணியாற்றிய டென்மார்க் இளவரசர் ஆகே, மன்னர் ஹாகோனின் சிறிய தந்தையின் மகன் ஆவார். ஆனால் நார்விக் மீட்கப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னரே அவர் மொரோக்கோவில் காலமாகியிருந்தார்.

1887ஆம் ஆண்டு கோபன்ஹேகனில் பிறந்தவர் ஆகே. தந்தை டென்மார்க் இளவரசர் வால்டெமார். தாயார் மரீ, பிரெஞ்சு மன்னர் லூயி பிலிப்பின் வழித்தோன்றல். ஆகே 1914ஆம் ஆண்டு அரச ஒப்புதலின்றி இத்தாலியப் பிரபு ஒருவரின் மகளை மணந்து, அதனால் அரியணை உரிமையைத் துறந்தார். 1922இல் டென்மார்க்கின் பெரிய வங்கி ஒன்று வீழ்ச்சியுற்றபோது அவரது செல்வமும் கரைந்தது. அதே ஆண்டில், மன்னரின் அனுமதியுடன் டேனிஷ் இராணுவத்திலிருந்து விலகி, பிரெஞ்சுப் படையணியில் கப்டனாக இணைந்தார்.

வெளிநாட்டவரைக் கொண்ட அப்படையணியை 1831இல் நிறுவியவர், அவரது தாய்வழி மூதாதையரான அதே லூயி பிலிப். பிரான்சின் நிலப்பரப்புக்கு வெளியே மட்டுமே அது பயன்படுத்தப்படும் என்பது தொடக்க விதி. எனவே குடியேற்ற நாடுகளின் போர்களே அதன் முதன்மைப் பணியாயின.

ஆகே சென்ற காலத்தில் மொரோக்கோ கொந்தளித்துக் கொண்டிருந்தது. வடக்கின் றிஃப் மலைப்பகுதி மக்கள் அப்துல் கரீம் தலைமையில் 1921இல் ஸ்பானியப் படையை அனுவாலில் முறியடித்துத் தமக்கெனக் குடியரசு ஒன்றை அமைத்தனர். 1925இல் போர் பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்கும் பரவியது. பிரான்ஸ், மார்ஷல் பெத்தானின் தலைமையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படையினரைக் களமிறக்கியது. 1926 மே மாதம் அப்துல் கரீம் சரணடைந்தார். தமிழ் வம்சாவளியினர் பெருமளவில் வாழும் ரியூனியன் தீவுக்கு அவர் நாடு கடத்தப்பட்டார்.

மொரோக்கோப் போர்க்களத்தில் காயமுற்ற ஆகே, பிரெஞ்சுப் போர் விருதையும் பெற்றார். தமது அனுபவங்களை நூலாகவும் எழுதினார். லெப்டினன்ட் கேர்ணல் நிலைக்கு உயர்ந்த அவர், 1940 பெப்ரவரி 29ஆம் திகதி தாசா நகரில் நோயினால் இறந்தார். அல்ஜீரியாவில் படையணியின் தலைமையகம் அமைந்திருந்த சீதி பெல் அபேஸில் அடக்கம் செய்யப்பட்டார்.

இங்கு எழும் கேள்வி, தனிமனிதரின் துணிவு பற்றியதன்று. றிஃப் மக்களின் சுயாட்சியை ஒடுக்கிய படையணியே, 14 ஆண்டுகளின் பின் நோர்வே மக்களின் சுதந்திரத்துக்காகக் குருதி சிந்தியது. தொண்டராகச் சேரும் வீரருக்குத் தாம் சேரும் கொடியைத் தெரிவு செய்ய முடியும். அக்கொடி யாருக்கு எதிராக உயர்த்தப்படும் என்பதை முடிவு செய்வது பாரிஸ். ஆயினும் கொடியைத் தெரிவு செய்த பொறுப்பிலிருந்து அவர் முற்றாக விடுபடுவதில்லை. இந்தோசீனாவில் பிரெஞ்சுச் சீருடையில் பணியாற்றிய புதுச்சேரி, காரைக்கால் தமிழரின் வரலாற்றிலும் இதே கேள்வி மறைந்துள்ளது.

மொரோக்கோ 1956இல் விடுதலை பெற்றது. 1947இல் பிரான்சுக்குக் கொண்டு செல்லப்படும் வழியில் எகிப்தில் தஞ்சம் புகுந்த அப்துல் கரீம், 1963இல் கெய்ரோவில் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு அல்ஜீரியாவும் விடுதலையடைந்தது. படையணி அங்கிருந்து வெளியேறியபோது மூவரின் உடல் எச்சங்களைத் தன்னுடன் எடுத்துச் சென்றது. ஒருவர் ஜெனரல் ரொலே, மற்றொருவர் சாதாரண படைவீரர், மூன்றாமவர் ஆகே. தென் பிரான்சின் புய்லூபியே கிராமத்தில் அவை மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. விதியின்படி எந்த நிலத்தில் போரிட முடியாதிருந்ததோ, அந்த நிலமே அந்த இளவரசரின் இறுதி உறைவிடமாயிற்று.