நாடில்லாத அரசுக்கு ஒரு வெளிநாட்டு மந்திரி!
பெர்லினில் இந்தியாவுக்காக வாதாடிய செண்பகராமன் பிள்ளை

திருநெல்வேலிச் சீமையில் கெட்டிக்காரனுக்கும் 'எம்டன்' என்றுதான் பெயர். பிறர் கண்ணில் மண்ணைத் தூவுகிறவனுக்கும் அதே பெயர்தான். 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி இரவு, சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டுமாரி பொழிந்த ஜெர்மன் போர்க் கப்பலின் பெயர் அது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ஊரைவிட்டு ஓடினார்கள்.

அந்தக் கப்பலைச் சொன்னால் கூடவே செண்பகராமன் பிள்ளையின் பெயரையும் சொல்வது தமிழ்நாட்டு வழக்கம். கப்பலில் நின்று குண்டு வீசச் சொன்னவரே அவர்தான் என்று இரண்டு தலைமுறைக்குக் கதை சொல்லப்பட்டது. ஆனால் அவருடைய உண்மையான போர்க்களம் கடல் அல்ல. பேச்சும் எழுத்தும் தூதுமே அவர் கையில் இருந்த ஆயுதங்கள்.

பள்ளி மாணவன் கடல் கடந்தான்

செண்பகராமன் 1891-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி திருவனந்தபுரத்தில் பிறந்தார். தந்தை சின்னசாமிப் பிள்ளை, தாய் நாகம்மாள். நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் குடும்பம். நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூர் மன்னருக்கு உட்பட்டது. ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருநெல்வேலி. அது வெள்ளையர் ஆட்சி.

1908-ஆம் ஆண்டு அந்தத் திருநெல்வேலி தீப்பற்றி எரிந்தது. சுதேசிக் கப்பல் விட்ட வ.உ. சிதம்பரம் பிள்ளையையும் சுப்பிரமணிய சிவாவையும் மார்ச் 12-ந் தேதி கைது செய்தார்கள். மறுநாள் தாமிரபரணிக் கரை கொந்தளித்தது. நகரசபைக் கட்டிடமும் தபால் ஆபீசும் போலீஸ் நிலையமும் தீக்கிரையாயின. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை மாதம் சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உள்நாட்டில் வாய் திறப்பவனுக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தென்பாண்டிச் சீமை முழுவதும் கண்டது.

அதே ஆண்டில்தான் செண்பகராமன் கடல் கடந்தார். வயது பதினேழு. அழைத்துச் சென்றவர் ஓர் ஆங்கிலேயர் என்பது விந்தை! சர் வால்டர் ஸ்டிரிக்லேண்ட் என்ற அவர் உயிரியல் ஆராய்ச்சியாளர். செடி கொடிகளைத் தேடித் திருவனந்தபுரத்துக்கு வந்துபோனவர். பிரிட்டிஷ் ஆட்சியை வெறுத்தவர். உடன் புறப்பட்ட உறவினர் பத்மநாப பிள்ளை கொழும்பிலேயே இறங்கித் திரும்பிவிட்டார். செண்பகராமன் திரும்பவில்லை. ஆஸ்திரியாவில் பள்ளிப் படிப்பை முடித்தார். 1910-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் என்ஜினீயரிங் கல்வியில் சேர்ந்தார்.

சூரிக்கில் எழுந்த குரல்

படிப்பு ஒரு பக்கம் நடந்தது. மறுபக்கம், இந்தியாவைப் பற்றி ஐரோப்பிய மக்கள் பிரிட்டிஷார் சொல்லித்தானே கேட்கிறார்கள் என்ற எண்ணம் அவரை உறுத்தியது. இந்தியர் தரப்பை எடுத்துச் சொல்ல ஆள் வேண்டாமா?

1914 ஜூன் மாதம் சூரிக்கில் 'சர்வதேச இந்திய ஆதரவுக் கமிட்டி'யை அமைத்தார். அவரே தலைவர். 'புரோ இந்தியா' என்ற பத்திரிகையையும் நடத்தினார். வயது இருபத்து மூன்றுகூட நிறையவில்லை. அரசாங்கமோ பணமோ படையோ பின்னால் இல்லை. ஆனாலும் ஒரு நாட்டின் சார்பில் பேசத் துணிந்தார்.

இரண்டே மாதங்களில் உலகப் போர் மூண்டது. சூரிக்கில் இருந்த ஜெர்மன் கான்சலைப் பிள்ளை அணுகினார். பிரிட்டிஷாருக்கு எதிரான எழுத்துகளை ஜெர்மனியில் வெளியிட அனுமதி கேட்டார். அக்டோபர் மாதம் பெர்லினுக்கே குடிபெயர்ந்தார்.

இந்தத் தேதிகளைக் கவனிக்க வேண்டும். 'எம்டன்' கப்பல் சீனக் கரையில் சிங்தாவ் துறைமுகத்தை விட்டு 1914 ஜூலை 31-ந் தேதியே புறப்பட்டுவிட்டது. அது சென்னையைத் தாக்கியபோது பிள்ளை ஐரோப்பாவில் கமிட்டி வேலையில் இருந்தார். கப்பலின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் என்ற ஜெர்மானியர். நவம்பர் 9-ந் தேதி கோக்கோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் 'சிட்னி' அதை அடித்து நொறுக்கியது. கதை வேறு, சரித்திரம் வேறு. அதனால் பிள்ளையின் பெருமை குறையவில்லை.

மந்திரி உண்டு, நாடு இல்லை

பெர்லினில் இந்தியப் புரட்சியாளர்கள் ஒரு கமிட்டியாகத் திரண்டார்கள். சரோஜினி தேவியாரின் சகோதரர் வீரேந்திரநாத் சட்டோபாத்யாயா, விவேகானந்தரின் தம்பி பூபேந்திரநாத் தத்தர் ஆகியோர் அதில் இருந்தனர். பிள்ளையும் தம்முடைய சூரிக் கமிட்டியை அதோடு இணைத்தார். ஜெர்மன் வெளிநாட்டு இலாகா பணம் கொடுத்தது. துண்டுப் பிரசுரங்கள் அச்சாகின. பிரிட்டிஷ் படையில் போரிட்டுச் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக முகாமில் 'ஹிந்துஸ்தான்' என்ற பத்திரிகை உருதுவிலும் இந்தியிலும் வெளிவந்தது.

1915-இல் ஆப்கானிஸ்தானுக்கு ஒரு தூதுக் குழு கிளம்பியது. ராஜா மகேந்திர பிரதாப், மௌலானா பரக்கத்துல்லா ஆகியோருடன் ஃபான் ஹென்டிக் என்ற ஜெர்மன் ராஜதந்திரியும் சென்றார். டிசம்பர் 1-ந் தேதி காபூல் நகரில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசு பிரகடனம் செய்யப்பட்டது. மகேந்திர பிரதாப் ஜனாதிபதி. பரக்கத்துல்லா பிரதம மந்திரி. செண்பகராமன் பிள்ளை வெளிநாட்டு மந்திரி!

காபூல் சென்ற குழுவில் பிள்ளை இல்லை. ஆள ஒரு சாண் நிலமும் அந்த அரசுக்கு இல்லை. ஆயினும் அது வல்லரசுகளோடு சமமாக நின்று பேச முயன்றது. ரஷ்யச் சக்கரவர்த்திக்குத் தங்கத் தகட்டில் கடிதம் எழுதி அனுப்பியது. ஆப்கன் அமீர் ஹபிபுல்லாவோ சாமர்த்தியசாலி. ஜெர்மனியிடம் ஒரு லட்சம் துப்பாக்கிகளும் பெருந்தொகையும் கேட்டார். பிரிட்டிஷாரையும் பகைக்காமல் காலம் கடத்தினார். 1916 மே மாதம் ஜெர்மன் தூதர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

அமெரிக்கக் கரையிலிருந்து இந்தியாவுக்கு வரவேண்டிய ஆயுதங்களும் வந்து சேரவில்லை. அவற்றை ஏற்றிய 'ஆனி லார்சன்' கப்பல் 1915-இல் அமெரிக்காவிலேயே பிடிபட்டது. 1918-இல் ஜெர்மனி தோற்றது. பெர்லின் கமிட்டியும் கலைந்தது.

இரவல் பலம் எத்தனை நாள்?

அடுத்தவன் தோளில் ஏறிக் கோட்டை பிடிக்க முடியுமா? ஜெர்மனிக்கு இந்திய விடுதலை முக்கியமல்ல. பிரிட்டனுக்குத் தொல்லை கொடுப்பதே முக்கியம். போர் முடிந்ததும் அந்தத் தேவையும் முடிந்தது. தோழர்கள் திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். பிள்ளை பெர்லினிலேயே தங்கி, தொழில்நுட்ப வேலை பார்த்துப் பிழைத்தார். இந்தியாவுக்காகப் பேசுவதை மட்டும் விடவில்லை. 1931-இல் மணிப்பூரைச் சேர்ந்த லட்சுமிபாயை மணந்தார்.

அதற்குள் அங்கே இட்லர் தலையெடுத்தான். இந்தியர்களை அவன் மதிக்கவில்லை. இந்தியா பிரிட்டிஷார் கையில் இருப்பதே மேல் என்று தன் புத்தகத்திலேயே எழுதியவன் அவன். இந்தியரை இழிவாகப் பேசியதற்காக அவனிடமே மன்னிப்புக் கேட்கும்படி பிள்ளை வற்புறுத்தினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். நாஜிகளின் பகையே அவர் உயிரைக் குடித்தது என்று நம்புவோரும் உண்டு. 1933-இல் வியன்னாவில் அவர் சுபாஷ் சந்திர போஸைச் சந்தித்தார். மறு ஆண்டு மே 26-ந் தேதி பெர்லினில் காலமானார். வயது நாற்பத்திரண்டு.

அஸ்தி கண்ட சுதந்திரம்

தம் அஸ்தியைப் பிறந்த மண்ணின் ஆற்றிலும் நாஞ்சில் நாட்டு வயல்களிலும் தூவ வேண்டும் என்பது அவர் விருப்பம். அடிமை நாட்டில் அதைக் கௌரவமாக நிறைவேற்ற வழியில்லை. லட்சுமிபாய் அந்த அஸ்தியை முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாதுகாத்தார். 1966 செப்டம்பர் மாதம் அது இந்தியக் கடற்படையின் 'டெல்லி' கப்பலில் கொச்சிக்கு வந்து சேர்ந்தது.

எம்டனில் வராத பிள்ளை, சுதந்திர இந்தியாவின் போர்க் கப்பலில் மூவர்ணக் கொடியின் கீழ் வந்தார். பேசுவதற்கு நமக்கு ஓர் அரசு இல்லாத காலத்தில் அவர் நமக்காகப் பேசினார். இன்று உலகின் பல தலைநகரங்களில் இந்தியத் தூதர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு நாடு நிற்கிறது. பிள்ளைக்குப் பின்னால் அவருடைய மன உறுதி மட்டுமே நின்றது.