மகாலநோபிஸ் வகுத்த தூரம்

மஸ்கெலியாவில் பிறந்த எமக்குப் பச்சை என்பது ஒரே நிறம் அன்று. கவ்வாத்துக்குப்பின் துளிர்த்த மலை இளம்பச்சை. முற்றிய இலை நிற்கும் மலை கரும்பச்சை. மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின்மேல் மூடுபனி படரும் காலையிலோ அனைத்தும் சாம்பல் பூத்த பச்சை. எனினும் யாவும் தேயிலையே. இத்தகைய மாறுபாட்டுக்குக் கணிதத்திலே உரிய இடமளித்த பேரறிஞர் ஒருவரை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. அவரே பிரசாந்த சந்திர மகாலநோபிஸ்.

1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் பௌதிகம் பயின்றார். கணித மேதை இராமானுஜனின் நட்பையும் அங்கே பெற்றார். 1915இல் தாயகம் திரும்பவேண்டிய கப்பல் யுத்தத்தினால் தாமதமாயிற்று. அவ்விடைவேளையில் ஆசிரியர் ஒருவர் காட்டிய ‘பயோமெட்ரிகா’ என்னும் புள்ளிவிவர ஏடு அவருடைய வாழ்வையே திருப்பிவிட்டது. அதன் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே படித்துக்கொண்டு வந்தார்.

1920இல் நாகபுரியில் கூடிய விஞ்ஞான மகாநாட்டிலே விலங்கியலறிஞர் அன்னண்டேலைச் சந்தித்தார். கல்கத்தா ஆங்கிலோ இந்தியரின் உடலளவுகளை ஆராயும் பணி அவரிடமிருந்து வந்தது. மக்கட் கூட்டங்களை ஒப்பிடுவது எங்ஙனம்? தலையின் நீளம் கூடினால் அகலமும் கூடக்கூடும்; இரண்டையும் தனித்தனியே எண்ணினால் ஒரே வேறுபாட்டை இருமுறை எண்ணியதாகும். இயல்பாகவே பெரிதும் மாறும் அளவில் சிறு வித்தியாசம் பொருட்டன்று. எளிதில் மாறாத அளவிலோ அதுவே பெரிது. இவ்விரண்டையும் கருதி அவர் வகுத்த தூரம் 1936இல் நிறைவான வடிவில் வெளியாயிற்று.

இதற்கிடையில், 1931இல், இந்தியப் புள்ளிவிவரக் கழகத்தை நிறுவினார். வங்காளத்துச் சணல் வயல்களில் மாதிரிக் கணக்கெடுப்பை நடத்தினார். இந்தியாவின் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்திலும் அவர் கை இருந்தது.

மனிதரின் தலையை அளக்க வகுத்த அம்முறை இன்று வானத்தில் இருந்து மண்ணை அளக்கிறது. 2018இல் இந்தியா ஏவிய ஹைசிஸ் போன்ற செயற்கைக்கோள்கள், நிலத்தில் பட்டுத் திரும்பும் ஒளியை நூற்றுக்கணக்கான கூறுகளாகப் பிரித்துப் பதிகின்றன. ஒரு பயிரின் ஒளியடையாளம் நிழலாலும், ஈரத்தாலும், இலையின் வயதாலும், வெயில் விழும் கோணத்தாலும் இடத்துக்கு இடம் சிதறுகிறது. சராசரியிலிருந்து விலகிய ஒவ்வொரு புள்ளியையும் வேற்றுப் பொருளென முடிவு செய்தால் பிழைதான் மிஞ்சும். அந்த விலகல் இயல்பான சிதறலுக்குள் அடங்குமா, அதனை மீறியதா என்று காட்டுவதே மகாலநோபிஸ் தூரம்.

இதைப் படித்தபோது என் தாயாரே நினைவில் வந்தார். அவர் கொழுந்தெடுத்த நாளில் எல்லா மலைக்கும் ஒரே இறாத்தல் கணக்கு. வறட்சியில் காய்ந்த மலையாயினும், நிறை குறைந்தால் அரைப்பேர்தான். குறைந்தது அவருடைய உழைப்பா, மலையின் இயல்பா என்று கேட்பார் இல்லை. அரைச் சம்பளத்தோடு லயத்துக்குத் திரும்பிய அவருடைய முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

1972ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு முந்திய தினம், மகாலநோபிஸ் மறைந்தார். 2007 முதல் அவர் பிறந்தநாளை இந்தியா புள்ளிவிவர தினமாகக் கொண்டாடி வருகிறது. ஒன்றைக் குறையென்று தீர்ப்பதற்குமுன் அதன் இயல்பான ஏற்றத்தாழ்வை அறிதல் வேண்டும். அவருடைய கணக்கிலிருந்து நான் கற்றது இதுவே. எங்கள் தோட்டத்துத் தராசடியில் அன்று இதை அறிந்தவர் ஒருவரேனும் இருந்திருக்கலாம்.