பெட்டி தூக்கிய ஸ்டாட்லர்

அமெரிக்காவில் ஓகையோ ஆற்றின் கரையில் வீலிங் என்று ஓர் ஊர். அங்கே மக்ளூர் ஹவுஸ் என்று ஒரு பெரிய ஓட்டல் இருந்தது. சாப்பாட்டுக்கு மட்டும் அல்ல, வெளியூர்க்காரர்கள் இரவு தங்கவும் அங்கேதான் வருவார்கள். 1870-களில் 13 வயதுப் பையன் ஒருவன் அந்த ஓட்டலில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தான்.

அவன் பெயர் எல்ஸ்வொர்த் ஸ்டாட்லர். பிறந்தது 1863-ல், பென்சில்வேனியா மாநிலத்தில். தந்தை ஏழைப் பாதிரியார். வீட்டில் வறுமை. 9 வயதிலேயே கண்ணாடித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனான். நெருப்பு உலைக்குப் பக்கத்தில் நாள் முழுவதும் நிற்க வேண்டும். பள்ளிக்கூடம் அவனுக்கு எட்டாமலே போயிற்று.

ஓட்டலில் மணி அடித்தால் ஓட வேண்டும். பெட்டி தூக்க வேண்டும். ஐஸ் தண்ணீர் வேண்டும் என்றால் கூஜாவை எடுத்துக் கொண்டு மாடிப்படி ஏற வேண்டும். பையன் சலிக்காமல் ஓடினான். ஓடும்போதே கண்ணைத் திறந்து வைத்துக் கொண்டிருந்தான். தங்க வருகிறவர் எதற்காக முகம் சுளிக்கிறார், எதைக் கண்டு சந்தோஷப்படுகிறார் என்று கவனித்தான். 15 வயதில் எடுபிடிப் பையன்களுக்குத் தலைவன் ஆனான். கணக்கு எழுதவும் கற்றுக் கொண்டான்.

இனி அவரை அவர் என்றே சொல்வோம். அந்த ஓட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்தைக் குத்தகைக்கு எடுத்தார். ஒரு சாப்பாட்டுக் கடையும் வைத்தார். கையில் பணம் சேர்ந்ததும் பபலோ நகரத்துக்குப் போய்ப் பெரிய சாப்பாட்டுக் கூடம் திறந்தார். முதலில் கூட்டம் வரவில்லை. கடன்தான் ஏறியது. விடாமல் நின்று அதை லாபத்துக்குக் கொண்டு வந்தார்.

1901-ல் பபலோவில் பெரிய பொருட்காட்சி நடந்தது. அதற்காக 2,000-க்கு மேற்பட்ட அறைகள் கொண்ட தற்காலிக ஓட்டலைக் கட்டினார். ஆனால் அந்தப் பொருட்காட்சியில்தான் ஜனாதிபதி மக்கின்லி சுடப்பட்டார். பொருட்காட்சி நஷ்டத்தில் முடிந்தது. பலர் கையைச் சுட்டுக் கொண்டார்கள். ஸ்டாட்லர் தப்பித்தார். 1904-ல் செயின்ட் லூயிஸ் நகரப் பொருட்காட்சியிலும் அதேபோல ஓட்டல் போட்டார். அதில் நல்ல லாபம்.

அந்தத் துணிவில் 1908-ல் பபலோவில் நிலையான ஓட்டலைத் திறந்தார். 300 அறைகள். ஒவ்வோர் அறைக்கும் தனிக் குளியல் அறை!

இதில் என்ன அதிசயம் என்று இன்று தோன்றும். அந்தக் காலத்தில் பெரும்பாலான ஓட்டல்களில் தாழ்வாரத்தின் கோடியில் பொதுக் குளியல் அறைதான். துண்டும் கையுமாகக் காத்து நிற்க வேண்டும். தனிக் குளியல் அறை என்பது பணக்காரர்களுக்கு மட்டுமே. ஸ்டாட்லரோ அதை ஒன்றரை டாலர் வாடகைக்குக் கொடுத்தார்.

எப்படி முடிந்தது? இரண்டு குளியல் அறைகளை முதுகோடு முதுகு ஒட்டினாற்போல வைத்தார். நடுவில் கூண்டு போல ஓர் இடைவெளி விட்டார். கீழ் மாடியிலிருந்து மேல் மாடி வரை தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய், மின்சாரக் கம்பி எல்லாம் அதன் வழியே போயின. குழாய்ச் செலவு குறைந்தது. பழுது பார்ப்பதும் சுலபம். இன்றும் உலகெங்கும் பல ஓட்டல்கள் இந்த முறையில் கட்டப்படுகின்றன.

கூஜா தூக்கியவர் அல்லவா! ஐஸ் தண்ணீருக்கு அறையிலேயே குழாய் வைத்தார். கதவைத் திறந்ததும் கைக்கு எட்டும் இடத்தில் விளக்கு சுவிட்ச். கண்ணாடிக்குப் பக்கத்தில் துண்டு மாட்டக் கொக்கி. காலையில் இலவசமாகப் பத்திரிகை. எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல. எல்லாம் மாடிப்படியில் கற்ற பாடம்.

சிப்பந்திகளுக்குச் சிறு கைப்புத்தகம் ஒன்று கொடுத்தார். தங்க வந்தவரோடு யாரும் வாதாடக் கூடாது. இனாம் கொடுத்தவருக்கு ஒரு முகம், கொடுக்காதவருக்கு ஒரு முகம் கூடாது. இது ஏட்டளவில் நிற்கக் கூடாது என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார்.

கிளீவ்லண்ட், டெட்ராயிட், செயின்ட் லூயிஸ், பாஸ்டன் என்று ஓட்டல்கள் பெருகின.

இதற்கிடையே 1922-ல் கார்னெல் பல்கலைக் கழகத்தில் ஓட்டல் நிர்வாகத்துக்கு என்றே ஒரு படிப்பு ஆரம்பமாயிற்று. முதல் ஆண்டில் மாணவர்கள் 21 பேர்தான். நடத்தியவர் பேராசிரியர் ஹோவர்ட் மீக். ஸ்டாட்லருக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஓட்டல் தொழிலை வகுப்பில் உட்கார்ந்து கற்க முடியுமா என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் உண்டு. பெட்டி தூக்காமலே முதலாளி ஆனவர் அல்லவே அவர்!

மீக் அவரோடு வாதாடவில்லை. மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு முறை தாங்களே ஓர் ஓட்டலை நடத்திக் காட்டுவது வழக்கம். ஓட்டல் முதலாளிகள்தான் விருந்தாளிகள். 1927-ல் ஸ்டாட்லர் வந்தார். சமையல், பரிமாறல், வரவேற்பு எல்லாவற்றையும் பையன்களே கவனித்தார்கள். ஸ்டாட்லர் பார்த்தார். விருந்தில் எழுந்து நின்று, தம் மனம் மாறிவிட்டதாக எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். மீக் எது கேட்டாலும் கொடுக்கலாம் என்றார். வயது 60-ஐத் தாண்டிய பிறகு, பெரிய மனிதர் ஒருவர் சபையில் தம் கருத்தை மாற்றிக் கொள்வது சின்ன விஷயம் அல்ல.

அடுத்த ஆண்டே, 1928 ஏப்ரலில், நிமோனியா காய்ச்சலில் ஸ்டாட்லர் காலமானார். ஓட்டல் தொழிலாளர் பயிற்சிக்காக ஓர் அறக்கட்டளை அமைக்க உயிலில் ஏற்பாடு செய்திருந்தார். அந்தப் பணத்தில் 1950-ல் கார்னெலில் ஸ்டாட்லர் பெயரில் ஒரு கட்டிடம் எழுந்தது. ஒரு பக்கம் வகுப்பு அறைகள், இன்னொரு பக்கம் நிஜமான ஓட்டல்.

அவர் மனைவி ஆலிஸ் கம்பெனியைத் திறமையாக நடத்தினார். 1954-ல் ஹில்டன் அந்த ஓட்டல்களை 11 கோடியே 10 லட்சம் டாலருக்கு வாங்கினார். கார்னெல் ஓட்டலில் ஸ்டாட்லர் பெயர் இன்றும் இருக்கிறது. மாணவர்கள் பாடம் முடிந்ததும் அங்கே வந்து, தங்க வந்தவர்களுக்கு வேலை செய்கிறார்கள்.