பறவை அறியாமற் பார்த்தவர்

கூச்சம் மிக்க காட்டுப் பறவையை நெருங்குதல் எளிதன்று. நாம் ஓரடி முன்வைத்தால் அது நூறடி அப்பாற் சென்றுவிடும். அதன் உருவை உள்ளவாறு அறிய விரும்பிய அறிஞர் பலர் முன்னாளில் துப்பாக்கியையே துணைக்கொண்டனர். சுட்டு வீழ்த்திய பறவையைப் பஞ்சடைத்துப் பேழையில் வைத்து ஆராய்ந்தனர். உயிர் போக்காமலே பறவையை அறியலாம் என்பதைச் செய்துகாட்டிய முன்னோடிகளுள் ஒருவர் றிச்சட் கியர்ட்டன்.

இவர் 1862ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் வடபாலுள்ள யோக்சயரில், சுவேல் ஆற்றுப் பள்ளத்தாக்கைச் சேர்ந்த துவெயிற் என்னும் சிற்றூரிற் பிறந்தார். குடியானவர் குடும்பம்; சுற்றிலும் மேட்டுநிலப் புல்வெளி. சிறுவனாயிருந்தபோதே பறவைக் கூடுகளைத் தேடித் திரிவதிற் பெருவேட்கை கொண்டிருந்தார். ஒருநாள் கூடு நாடி மரமேறியவர் தவறி வீழ்ந்தார். இடுப்பில் ஏற்பட்ட ஊறு செவ்வனே ஆறவில்லை. அன்று தொடங்கி வாழ்நாள் முழுவதும் காலை நொண்டியே நடக்க நேர்ந்தது. ஆயினும், பறவைகள்மீது கொண்ட காதல் அணுவளவும் குறைந்திலது.

மேட்டுநிலங்களில் வாழும் கிறவுஸ் என்னும் பறவையின் குரலை அச்சொட்டாக எழுப்பி, அதனைத் தம்மருகே வரவழைக்க அவர் வல்லவராயிருந்தார். 1882இல் அங்கு வேட்டைக்கு வந்திருந்த இலண்டன் பதிப்பாளர் ஒருவர் இத்திறமையைக் கண்டு வியந்து, கசல் பதிப்பகத்தில் அவருக்கு வேலை கிடைக்கச் செய்தார். துப்பாக்கியின் முன்னே பறவையை வரவழைத்த குரல், அவரைப் புத்தக உலகுக்குக் கொண்டுசென்றது. ஒன்பது ஆண்டு இளையவரான தம்பி செறியும் பின்னர் அங்கே வந்து சேர்ந்தார்.

1892 ஏப்பிரில் மாதத்தில், முட்டைகளோடு கூடிய திரஷ் பறவையின் கூடொன்றைச் செறி தம் கமராவாற் படம்பிடித்தார். அப்படம் தமையனார் உள்ளத்தில் ஒரு புதிய எண்ணத்தை விதைத்தது. சித்திரக்காரர் கைவண்ணத்தை நாடாது, இயற்கையிலே எடுத்த படங்களைக்கொண்டே ஒரு நூல் ஆக்கினால் என்ன? அலுவலக வேலை போக எஞ்சிய பொழுதெல்லாம் இருவரும் நாட்டுப்புறங்களில் அலைந்தனர். தம்பி படம்பிடிக்க, தமையன் எழுதினார். பிரித்தானியப் பறவைகளின் கூடுகள் பற்றிய அவர்கள் நூல் 1895இல் வெளிவந்தது.

கூடு அசையாது, பறவையோ அசைவது, அஞ்சுவது. இன்றுள்ளவை போன்ற வலிய தொலைவில்லைகள் அன்று இல்லை. கமராவோ பாரமானது, கண்ணாடித் தட்டில் ஒளி பதியவும் நேரம் வேண்டும். ஆதலின் தூரத்தில் நின்று படமெடுக்க வழியில்லை. அருகிற் செல்லவோ பறவை விடாது. இச்சிக்கலைத் தீர்க்கச் சகோதரர் இருவரும் கண்ட வழி, மனிதன் தன்னை இல்லாதவனாக்கிக் கொள்வதே. பொய்யான மரத்தண்டு, பொய்ப்பாறை, குப்பைக் குவியல் எனப் பல மறைவிடங்களைச் சமைத்தனர். பாடஞ்செய்த ஆட்டின் உடலுள் கமராவை ஒளித்துவைத்தனர். 1900ஆம் ஆண்டளவில், மரச்சட்டத்தின்மேல் மாட்டுத்தோலைப் போர்த்து, அதனுள்ளே ஒருவர் நிற்கத்தக்க பொய்மாடொன்றையும் அமைத்தனர். ஒருமுறை செறி உள்ளே இருக்கையில் அம்மாடு கால்கள் மேனோக்கச் சாய்ந்துவிழ, தமையனார் வந்தே அவரை விடுவிக்க வேண்டியதாயிற்று.

நகைப்புக்கிடமான இம்முயற்சிகளின் பின்னே நின்ற உழைப்பு சிறிதன்று. 1896இல் ஸ்கொத்லாந்துக்கு மேற்கே பெருங்கடலில் தனித்துக் கிடக்கும் செயின்ற் கில்டாத் தீவுக்குச் சென்று, அங்குள்ள கடற்பறவைகளையும் அவற்றை உண்டு வாழ்ந்த மக்களையும் கண்டு எழுதினர். உயரத்திலிருந்த கூட்டைப் படமெடுக்கத் தம்பி ஏறிநின்றது தமையனின் தோள்மீது. மரத்தினின்று வீழ்ந்து காலூனமுற்றவரின் தோள் அது.

1898இல் பதிப்பகத்தை விட்டு நீங்கிய றிச்சட், எழுத்தையும் விரிவுரையையுமே தொழிலாகக் கொண்டார். திரையில் ஒளிப்படங்களைக் காட்டி, ஊரூராகச் சென்று பறவைகளின் வாழ்வை விளக்கினார். செறி ஆபிரிக்கக் காடுகளுக்குச் சென்று, அசையும் படங்களால் உலகப் புகழ் பெற்றார். றிச்சட் 1928இலும் செறி 1940இலும் மறைந்தனர்.

இன்று வில்லைகள் நீண்டுவிட்டன. நெடுந்தொலைவிலுள்ள பறவையின் இறகும் தெளிவாகப் பதிகின்றது. ஆயினும், தன் படத்துக்காகக் கூட்டைக் கலைப்பவன் கையில் அவ்வில்லை இருந்து பயனென்ன? கிறவுஸைக் குரல்காட்டி அழைத்த அந்த இளைஞர், பிற்காலத்தில் மணிக்கணக்காக மூச்சையும் அடக்கி இருந்தார். பறவை தன் போக்கில் முட்டையை அடைகாத்துக் கொண்டிருந்தது.