வெயிலிடம் சூடு வாங்கிய லே கொர்புசியே

சாயங்காலம் 4 மணிக்குப் பெருங்குடியில் ஓ.எம்.ஆர் பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்கீங்களா? எதிர்க்கட்டடக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசும். உள்ளே இருக்கிறவங்க திரையை இறக்கிவிட்டு, லைட்டைப் போட்டு, ஏ.சி.யைக் கூட்டி வைத்திருப்பாங்க. இதே தப்பை ரொம்ப முன்னாடியே ஒருத்தர் செய்தார். பிறகு அவரே திருத்தியும் காட்டினார்.

லே கொர்புசியே 1887-ல் சுவிட்சர்லாந்தின் ஒரு கடிகார ஊரில் பிறந்தவர். அப்பா வாட்ச் டயலுக்கு எனாமல் பூசுபவர். மகன் பாரிஸ் போய், உலகமே பேசும் கட்டடக்கலைஞர் ஆனார்.

1933-ல் பாரிஸில் சால்வேஷன் ஆர்மிக்காக, வீடற்றவர்கள் தங்கும் விடுதியைக் கட்டினார். தெற்குப் பக்கம் பெரிய கண்ணாடிச் சுவர். திறக்கும் ஜன்னலே கிடையாது. இரட்டைக் கண்ணாடியும் குளிரூட்டும் வசதியும் திட்டத்தில் இருந்தன. பணம் போதாமல் இரண்டும் கைவிடப்பட்டன. திறந்தது டிசம்பரில், அதனால் பிரச்சினை தெரியவில்லை. கோடை வந்ததும் உள்ளே இருந்தவர்கள் வெந்து போனார்கள். வெயில் கண்ணாடி வழியா சுலபமா உள்ளே வரும். சூடான தரையும் மேஜையும் விடும் வெப்பக்கதிர் அதே வழியா வெளியே போகாது. வெயிலில் பூட்டி வைத்த கார் மாதிரிதான். அவர் பிடிவாதம் பிடித்தும், அதிகாரிகள் ஜன்னல் வைக்கச் சொல்லிவிட்டார்கள்.

சூடு கண்ட பூனை கதைதான். அதன் பிறகு வரைந்த கட்டடங்களில், வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்தும் தடுப்புகளை வைத்தார். போரில் சேதமான அந்த விடுதிக்கும் பின்னாளில் தடுப்புகள் வந்தன.

1951-ல் சண்டிகர் வேலைக்காக இந்தியா வந்தார். அகமதாபாத்தில் 1954-ல் முடிந்த ஆலை அதிபர்கள் சங்கக் கட்டடத்தைப் பாருங்க. மேற்கு வெயில் தாழ்வா வரும், மேலே சன்ஷேடு போட்டால் நிற்காது. அதனால் மேற்கில் செங்குத்துக் கான்கிரீட் பலகைகளைக் கோணமாகத் திருப்பி வைத்தார். வெயில் மறையும், காற்று வரும். குறையும் உண்டு: பகலெல்லாம் சூடேறிய கான்கிரீட் ராத்திரியில் அந்தச் சூட்டைத் திருப்பி விடும்.

1965-ல், 77 வயதில், மத்தியதரைக் கடலில் நீந்தும்போது இறந்தார்.

நம்ம ஓ.எம்.ஆர் வடக்கு தெற்காகப் போகுது. அதனால் ரோட்டைப் பார்த்த கட்டடம் கிழக்கையோ மேற்கையோதான் பார்க்கும், அதாவது தாழ்வான வெயிலை. உள்ளே திரை போடும்போது சூடு ஏற்கெனவே உள்ளே வந்தாச்சு. அடுத்த வருஷம் நம்மில் சிலர் இந்தக் கட்டடங்களில் உட்காரப் போறோம். சிலர் வரையப் போறோம். வரையப் போற நீங்க, கண்ணாடியின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முன்னாடி, அது எந்தத் திசையைப் பார்க்குதுன்னு கேளுங்க.