காற்றாலையில் விளைந்த கணிதம்

திருநெல்வேலியிலிருந்து கங்கைகொண்டானைக் கடந்து கயத்தாறு நோக்கிச் செல்வோருக்குக் காற்றாலைகள் புதியவை அல்ல. அவை நமக்கு மின்சாரம் தருகின்றன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் மாவு அரைத்துக்கொண்டிருந்த ஒரு காற்றாலைக்காரரோ, மின்சாரத்தைக் கணக்கிடும் வழியையே உலகுக்குத் தந்தார். அவர்தான் ஜார்ஜ் கிரீன்.

நாட்டிங்காம் நகரில் ரொட்டி சுட்டு விற்றவரின் மகனாக 1793-இல் பிறந்தவர் கிரீன். எட்டு வயதில் பள்ளியில் சேர்ந்து, ஓராண்டளவே படித்துவிட்டுத் தந்தையின் தொழிலுக்கு வந்துவிட்டார். பின்னர், அருகிலிருந்த ஸ்நெய்ன்டனில் தந்தை எழுப்பிய காற்றாலையே அவரது உழைப்பின் களமாயிற்று. 1823-இல் நகரின் சந்தா நூலகத்தில் உறுப்பினரானார். ஐந்தே ஆண்டுகளில், மின்னியலுக்கும் காந்தவியலுக்கும் கணிதத்தைப் பயன்படுத்துவது பற்றிய ஆய்வு நூல் ஒன்றைச் சொந்தச் செலவில் வெளியிட்டார். அதற்கு முன்பணம் அளித்தோர் சுமார் ஐம்பது பேர். அவர்களுள் பெரும்பாலோருக்கு அந்நூல் புரிந்திருக்க வாய்ப்பில்லை.

அந்நூலின் அடிப்படைக் கருத்தை நம் ஊர்க் காட்சி ஒன்றால் விளக்கலாம். கங்கைகொண்டானில் சிற்றாற்றங்கரையிலிருந்து ஒரு குடம் நீரை மேட்டிலுள்ள வீட்டுக்குக் கொண்டு செல்வதாகக் கொள்வோம். குறுக்குவழியில் ஏறினாலும், ஊரைச் சுற்றி நடந்தாலும், புவியீர்ப்பை எதிர்த்து அந்த நீரை உயர்த்தச் செய்யும் வேலை ஒன்றே. கால்வலி வேறுபடலாம், கணக்கு வேறுபடாது. வழியின் ஒவ்வொரு சிறு பகுதியிலும் விசை செய்யும் வேலையைக் கூட்டிக்கொண்டே செல்வதைக் கோட்டுத் தொகையீடு என்பர். அது வழியைச் சாராததாயின், ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண்ணைக் குறித்துவிடலாம். இரண்டு இடங்களின் எண்களுக்கு இடையேயான வேறுபாடே விடையாகும். லக்ராஞ்சும் லாப்லாசும் ஈர்ப்பு விசை குறித்த ஆய்வில் கையாண்ட இந்தக் கருத்துக்குப் பெயர் சூட்டி, மின்னியலின் மையத்தில் நிறுத்தியவர் கிரீன். இன்று மின்னழுத்தம் என்று நாம் வோல்ட் கணக்கில் அளப்பது இதைத்தான்.

பிறர் பின்னாளில் இன்றைய வடிவில் எழுதிய, கிரீனின் பெயரால் வழங்கும் தேற்றம் இன்னொன்றையும் சொல்கிறது. மூடிய பாதை ஒன்றைச் சுற்றிவரும்போது கிடைக்கும் தொகை, அப்பாதைக்குள் அடங்கிய சுழற்சியின் மொத்த அளவுக்குச் சமம். உள்ளே எங்கும் சுழற்சி இல்லையெனில் விடை பூஜ்யம். ஈர்ப்பு விசையை மட்டும் நம்பி ஓயாமல் சுழலும் இயந்திரத்தை எவராலும் அமைக்க முடியாதது இதனால்தான். காற்றின் விசை அத்தகையதன்று. ஒவ்வொரு சுற்றிலும் இறகுகள் காற்றிலிருந்து ஆற்றலைப் பெறுகின்றன. கிரீனின் ஆலையில் மாவு அரைபட்டதும் அதனால்தான்.

நூலைப் படித்த எட்வர்ட் பிரோம்ஹெட் என்னும் செல்வந்தரின் ஊக்கத்தால், 1833-இல் தமது நாற்பதாவது வயதில் கிரீன் கேம்பிரிட்ஜில் மாணவராகச் சேர்ந்தார். 1837-இல் கணிதத் தேர்வில் நான்காம் இடம் பெற்றார். 1839-இல் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். ஆனால் உடல்நலம் குன்றி ஊர் திரும்பியவர், 1841-இல் 47 வயதில் மறைந்தார். அப்போது அவரது பெருமையை நாட்டிங்காம் அறிந்திருக்கவில்லை.

1845-இல், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் புகழ்பெற்ற இளைஞர் வில்லியம் தாம்சனின் கைக்கு அந்நூல் வந்தது. அவரது முயற்சியால் அது ஜெர்மானியக் கணித இதழில் மறுபதிப்புக் கண்டது. அதன் பின்னரே ஐரோப்பிய அறிஞர்கள் கிரீனை அறிந்தனர். 1993-இல், அவரது இருநூறாவது பிறந்த ஆண்டில், வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நியூட்டனின் கல்லறைக்கு அருகே அவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.

ஈர்ப்பு விசை எந்த வழியில் வந்தாய் என்று கேட்பதில்லை. மனிதர்களாகிய நாமோ அதைத்தான் முதலில் கேட்கிறோம்: எந்தப் பள்ளி, எந்தக் கல்லூரி, எத்தனை வயதில் பட்டம்? பகலெல்லாம் தொழிற்கூடத்தில் உழைத்துவிட்டு மாலையில் கிளை நூலகத்தின் படியேறும் இளைஞர்கள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் தேடும் நூல் அந்த அலமாரியில் இருக்கச் செய்வதும், படிப்பைத் தொடர வயதைத் தடையாக்காமல் இருப்பதும் நம் கடமை.